எச்சில் பார்க்கிறவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் காரைக்காலில் பிறப்பு இறப்பு ஏட்டில் பெயர்களை எழுதியே சம்பளம் வாங்கியவன் நான். ஒரு பெயரை எழுதாமல் விட எனக்குக் காரணம் வேண்டும். இருக்கிறது. அது வரிசையில் பின்னால் வருகிறது.

ஊரில் அவரை எச்சில் பார்க்கிறவர் என்றுதான் அடையாளம் சொல்வார்கள். தபால் நிலையத்தில் தபால்தலை விற்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். நாற்காலி இருந்தது; அதில் அவருடைய பை உட்கார்ந்திருக்கும். தபால்தலையை வாங்கிய ஆள் நாக்கை நீட்டினால் போதும், ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை ஈரப் பஞ்சுக் கிண்ணத்தை முன்னால் தள்ளும்.

"தலைவருங்க முதுகை எதுக்கு நக்குறீங்க? தண்ணி இருக்கு பாருங்க."

ஒரு முறை எனக்கே சொல்லியிருக்கிறார். அன்று நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டதுதான் எங்கள் சிநேகத்தின் தொடக்கம்.

எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் விரலை நாக்கில் தொட்டுத்தான் ஏட்டைப் புரட்டுவார்கள். அவர் அங்கே ஒரு சான்றிதழ் வாங்க வந்தால் அதை வெறுங்கையால் வாங்க மாட்டார். பழைய நாளிதழை விரித்து நீட்டுவார், நாங்கள் அதில் வைக்க வேண்டும். டீக்கடையில் அவருக்கென்று தனிச் சட்டம். பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை டம்ளரை எடுத்து நீட்டுவார். கடைக்காரர் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும், பாத்திரம் பாத்திரத்தில் படக் கூடாது. அந்தச் சொந்த டம்ளரிலும் வாய் வைக்க மாட்டார். கொதிக்கிற டீயை அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். தொண்டையில் என்ன பூசியிருந்தார் என்று தெரியவில்லை.

டம்ளரின் வயிற்றில் அவர் பெயர் வெட்டியிருந்தது. புள்ளி புள்ளியாக, பழைய எழுத்தில். சின்ன வயதிலிருந்தே அது தன்னுடையது என்பார்.

கோவில்பத்தில் அவருடைய அக்கா வீடு. இவர் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், ஒரே வீட்டில் இரண்டு பேர் டம்ளரைப் பிரித்து வைத்துக்கொள்வது கஷ்டம் என்று சொல்வார். அது வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தோம். அக்கா இவருக்கு ஏழு வயது மூத்தவர். கணவர் போய்விட்டார், ஒரே மகன் பாரிஸுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். மகன் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தபோது பேத்திக்குப் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டினார்கள். தட்டில் வைத்து மாமாவிடம் கொடுத்தான் மகன்.

"ஊதுனதா?" என்று கேட்டார் இவர்.

"ஊதாம மெழுகுவத்திய எப்படி மாமா அணைக்கிறது?"

"வீட்ல விசிறி இல்லையா?"

அக்கா அந்தத் துண்டைத் தட்டோடு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது தனியாக எடுத்து வைத்திருந்த கேசரியைக் கொண்டுவந்தார். தம்பிக்கு எது ஆகாது என்பதை அறுபது வருடமாகத் தெரிந்து வைத்திருப்பவர், சொல்லாமலே செய்வார்.

அந்த வீட்டிலும் இவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நிலைப்படியில் ஒரு தோளைச் சாய்த்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார். யாரோ கூப்பிட்டு அவசரமாகப் போக வேண்டியவர் போல. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மாலையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடக்க வருவார். அது நடை இல்லை, நான் அவர் பின்னால் ஓடுவது. கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் சட்டென்று திரும்பி, வந்த வேகத்திலேயே போய்விடுவார். பேச்சும் அப்படித்தான். ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், முடிப்பதற்குள் வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

ஒரே ஒரு நாள் நின்று பேசினார்.

"எங்கம்மா நல்லவங்க சார். என்னை அடிச்சதில்ல. சோறு கொறைச்சதில்ல. ஆனா என் தட்டுல மிஞ்சுனத ஒரு நாளும் அவங்க சாப்பிட்டதில்ல. அக்கா மிச்சம் வச்சா வழிச்சு வாயில போட்டுப்பாங்க. நான் மிச்சம் வச்சா மாட்டுத் தொட்டிக்குப் போவும். அப்பாவக் கேட்டேன். கிருமிடா, அப்டின்னார். ஆஸ்பத்திரில கம்பவுண்டர் இல்லையா அவர்? சரின்னு கேட்டுக்கிட்டேன். அக்கா தட்டுல மட்டும் கிருமி ஏன் வரலன்னு கேக்கத் தோணல பாருங்க."

நான் ஏதோ சொன்னேன். அந்தக் காலத்து மனிதர்கள், ஆண்பிள்ளைக்கு ஒரு கண்டிப்பு என்கிற மாதிரி, யாருக்கும் பயன்படாத ஒன்று. அவர் அதற்குள் பத்தடி முன்னால் போயிருந்தார்.

அப்போது எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் பிறர் எச்சிலுக்கு அஞ்சவில்லை. யாரும் தன் எச்சிலை ஒதுக்கும் முன்னால் தானே முந்திக்கொண்டு எல்லாருடையதையும் ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதான்.

அவர் ஓய்வு பெற்று ஏழு வருடம் கழித்து ஒரு டிசம்பரில் மகன் மறுபடி வந்தான். முந்தைய பயணத்திலேயே என்னைப் பிடித்துக் குடும்ப மரம் வரையத் தொடங்கியிருந்தான். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் விட்டுச் சென்றவற்றில் உருப்படியானது அந்த ஏடுகள்தான். எத்தா சிவில் என்போம். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். நான்கு தலைமுறைக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். வரிச்சிக்குடியில் நிலம் வைத்திருந்த ஒரு முப்பாட்டன் வரைக்கும் போனது. அதற்கு மேல் ஏடு இல்லை. அவனுக்குப் போதவில்லை. இந்த முறை இரண்டு பெட்டிகள் கொண்டு வந்தான். மிட்டாய்ப் பெட்டி அளவு. உள்ளே மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு விண்ணப்பம், வழிமுறைத் தாள். வீட்டிலேயே டி.என்.ஏ. சோதனை. குழாயில் கோடு வரை எச்சில் துப்பி அனுப்பினால், அமெரிக்காவில் ஒரு கம்பெனி பார்த்து நம் முன்னோர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள், யாருக்கு யார் உறவு என்று சொல்லிவிடுமாம்.

ஒரு பெட்டி அம்மாவுக்கு, ஒன்று மாமாவுக்கு. தாத்தா வழி தெரிய வேண்டுமென்றால் அந்த வழியில் வந்த ஆணின் எச்சில்தான் வேண்டும், பெண்ணிடம் அது இருக்காது என்று விளக்கினான். கம்பவுண்டரின் ஒரே மகன் மாமாதானே.

"அவன எதுக்குடா தொந்தரவு பண்ற?" என்றார் அக்கா. "எச்சில்னாலே அவனுக்கு ஆவாது. என்னுது போதும். இல்லன்னா வுட்டுடு."

மகன் சிரித்தான். நிலைப்படியில் நின்றிருந்தவர் சிரிக்கவில்லை. "குடுக்குறேன்" என்றார்.

என்னை அழைத்திருந்தது விண்ணப்பத்துக்காக. எந்த வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அன்று அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நடைமுறை தெரிந்தவனுக்கு எதையும் நிறுத்த ஒரு வழி உண்டு என்று நம்பினேன். பிரான்சில் நீதிபதி உத்தரவு இல்லாமல் இந்தச் சோதனை குற்றம் என்றேன். பெட்டி லண்டனில் இருக்கிற நண்பன் வீட்டு முகவரிக்கு வந்தது, எச்சிலும் அங்கிருந்துதான் போகும் என்றான் மகன். இங்கிருந்து தபாலில் அனுப்ப முடியாது என்றேன். தபால் நிலையத்திலேயே காலம் கழித்த அவரே, உடம்பிலிருந்து வந்த எதையும் பார்சலில் வாங்கக் கூடாது என்கிற விதியை எண்ணோடு ஒப்பித்துவிட்டு, "அதான் பெட்டில எடுத்துட்டுப் போறானே" என்றார்.

கடைசி ஆயுதமாக விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைத் தமிழில் உரக்கச் சொன்னேன். குடும்பத்தைப் பற்றி நீங்கள் எதிர்பாராத தகவல் தெரிய வரலாம். தெரிந்துகொண்டதை மறுபடி தெரியாததாக ஆக்க எங்களால் முடியாது.

"அங்கதான் கையெழுத்தா சார்?" என்று கேட்டார் அவர்.

வாசலில் வழியனுப்ப வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார். "அறுபது வருஷமா எச்சில்லதான் சந்தேகம் சார். இப்ப அந்த எச்சிலே வந்து சொல்லட்டும். அவங்க பெத்த புள்ளதான்னு ஒரு வார்த்த வந்தாப் போதும். இந்த டம்ளரக் கடல்ல போட்டுடுவேன்."

இல்லை என்று வந்தால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. சோதனை என்ன சொல்லும் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் என் கஷ்டம்.

மறுநாள் காலை துப்பும் வைபவம். அரை மணி நேரம் முன்னால் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. அக்கா சுலபமாக முடித்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் கோட்டைத் தொட்டது. இவருக்கு நாலு பேர் முன்னால் துப்ப வராது. குழாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். கால் மணி. அரை மணி. மகன் கதவருகில் நின்று, எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னான். உள்ளிருந்து பதில், "நெனச்சுட்டேன், நாக்குதான் ஒத்துக்க மாட்டேங்குது." முக்கால் மணி கழித்து, குழாயைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தபடி வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. தன்னுடையதைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

மூடியைத் திருகினால் அதிலிருக்கிற மருந்து உள்ளே இறங்கும். மகனுக்கு அந்த நேரம் பார்த்து பாரிஸிலிருந்து போன். பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டான். இவரோ குழாயை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவக் கொல்லைக்கு ஓடிவிட்டார்.

"குடுங்க, நான் மூடி வெக்கிறேன்" என்று அக்கா இரண்டு குழாயையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மூடி போட அடுப்படி எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. வெகு நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முதுகைக் காட்டி நின்று, நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிச் சப்பிக்கொண்டிருந்தார். எழுபத்துச் சொச்சம் வயதில் காலை நேரத்தில் இப்படி ஒரு ஆசையா என்று நினைத்துக்கொண்டு, பார்க்காதது போல வந்து உட்கார்ந்தேன். விதிகளை அறிந்தவன் என்று பெயர் எடுத்தவன் நான்.

இரண்டு குழாயும் மூடி போட்டு வந்தன. நான் பெயர் ஒட்டினேன். ஒன்று பெண். ஒன்று ஆண்.

பிறகு காத்திருப்பு. எட்டு வாரம் ஆகும் என்று எழுதியிருந்தது. முதல் வாரமே அவர் என் வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கினார். அவரிடம் ஈமெயில் கிடையாது. மகன் என் முகவரிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. "வந்துச்சா?" என்பார். கேட் கொண்டியைத் தூக்குவார், போடுவார். இல்லை என்றதும் போய்விடுவார். தெருமுனை வரை போய், ஏதோ மறந்தவர் போலத் திரும்பி வருவார். "நேத்து பாத்தீங்களா, இன்னிக்குப் பாத்தீங்களா?" இன்றுதான். "சரி." மறுபடி கொண்டி. என் மனைவி அந்தக் கொண்டிக்கு எண்ணெய் போடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மீன் சாப்பிடாத மனிதர். ஏலம் நடக்கிற இடத்தில் போய் நிற்பாராம், வாங்குவதில்லை, கரையேறுகிற ஆட்களின் முகத்தையே பார்ப்பாராம். மீன் கூடைக்காரி ஒருத்தி, "என்னங்க அய்யா, மீனப் பாக்காம மூஞ்சியப் பாக்குறீங்க, பொண்ணு குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டதாக அவரே சொன்னார். இன்னொரு வாரம் வரிச்சிக்குடி. நடவு நடக்கிற வயல் வரப்பில் நின்றுவிட்டு வந்திருக்கிறார். எங்கே போனாலும் யாராவது ஒருத்தருக்குத் தன் காது இருந்ததாம். "காது ஒரு பெரிய விஷயமில்ல சார், எல்லாருக்கும் காதுதான்" என்று அவரே முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறும் போனார்.

எனக்கும் அந்த வாரங்கள் நன்றாகப் போகவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அவர் ஓய்வு பெறும்போது பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்டு வந்தார். நாற்பதுகளின் ஏடு, பிரெஞ்சில் எழுதியது. கம்பவுண்டருக்கும் அவர் மனைவிக்கும் ஆண் குழந்தை, பெயர் இன்னது. நான்தான் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அதே வாரம் கரையான் அரித்த பழைய இடுகாட்டு ஏடுகளைத் தரம் பிரிக்கிற வேலையும் என் தலையில் இருந்தது. காவல்காரர் தமிழில் எழுதிய சின்னச் சின்ன ஏடுகள், சட்டப்படி அவற்றுக்கு மதிப்பில்லை. ஒன்றில் அந்தக் கம்பவுண்டர் பெயர் இருந்தது. ஆண் குழந்தை, எட்டு மாதம், காய்ச்சல். குழந்தையின் பெயரும் இருந்தது. நான் இரண்டு நாள் முன்னால் என் கையால் நகல் எழுதிய அதே பெயர்.

இறப்பு ஏட்டில் தேடினேன். அந்தக் குழந்தை இறந்ததாகப் பதிவு இல்லை. அப்பா அறிவிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர், எதை எங்கே சொல்ல வேண்டும் என்று தெரியும், எதைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருக்கும். பிரசவ வார்டில் தாய் இல்லாமல் நின்ற ஒரு பிள்ளையை எடுத்து வந்திருக்க வேண்டும். தத்து என்றால் கோர்ட்டு, பத்திரம் எழுதும் நொத்தேர், சாட்சி, வருடக் கணக்கு. பெயர் ஒன்று சும்மா இருந்தது. பிள்ளை ஒன்று பெயரில்லாமல் இருந்தது. அவர் எந்தக் கட்டத்திலும் பொய் எழுதவில்லை; ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. ஏடு இத்தனை ஒழுங்காக இருக்கிற இடத்தில்தான் ஒரு பெயர் மிச்சமாகி நிற்கும்.

அந்தப் பித்தளை டம்ளரும் இறந்த குழந்தைக்கு வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். வாய் வைக்காமலே போய்விட்ட பிள்ளையின் டம்ளர்.

மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இடுகாட்டு ஏட்டை அழிக்க வேண்டியவை பட்டியலில் சேர்த்தேன். கரையான் அரித்தது, பயனற்றது, என் கையெழுத்து, தேதி. முறைப்படி எரித்தார்கள்.

எச்சில் பார்க்கிறவர் இறந்தபோது, அது இந்தக் கதைக்கு நாலைந்து வருடம் கழித்து, இறப்பைப் பதிய அக்காவைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். எழுத்தர் சின்னப் பெண். இறந்தவருக்கு நீங்க என்ன உறவு என்று கேட்டாள். "கூடப் பொறந்தவ" என்றார் அக்கா, நிறுத்தி, தெளிவாக. கையெழுத்துப் போட்டார். பழைய வழக்கப்படி, பிறப்பு ஏட்டின் ஓரத்தில் இறந்த தேதியைக் குறிக்கச் சொல்லி, குறிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். அந்தப் பெயருக்கு ஏட்டில் ஒரு சாவுதான். அந்த ஒரு வரியில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

காத்திருந்த ஒன்பதாவது வாரம் மெயில் வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். மகன் சிரிப்புக் குறிகளோடு எழுதியிருந்தான். கம்பெனி ஏதோ குளறுபடி செய்துவிட்டது. ஆண் என்று அனுப்பிய குழாயில் இருப்பது பெண்ணின் எச்சிலாம். அதுமட்டுமில்லை, இரண்டு குழாயும் ஒரே ஆளுடையதாம், அல்லது அச்சு அசலான இரட்டையர்களாம். ஆய்வகத்தில் மாறியிருக்கும், அடுத்த கோடையில் வேறு பெட்டி கொண்டு வருகிறேன், மாமாவிடம் மறுபடி எலுமிச்சம்பழத்தை நினைக்கச் சொல்லுங்கள் அங்கிள்.

நார்த்தங்காய் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றிருந்தார். தாளை நாளிதழில் வைத்து நீட்டினேன். வெறுங்கையால் வாங்கிக்கொண்டார். கம்பெனி எழுதியிருந்த நாலு வரியையும் மகன் எழுதியதையும் நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். தபால் நிலையத்தில் கடிதங்கள் எங்கே தவறிப் போகும் என்று கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

"லேப்ல மாறல சார்" என்றார்.

தாள் வைத்திருந்த நாளிதழை மடித்தேன்.

"அடுப்படில மாறியிருக்கு. அக்கா." கொண்டியைத் தூக்கினார், போடவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "நான் அவ தம்பியா இருந்தா, அவ எதுக்குங்க இதச் செய்யணும்?"

கேள்வி சரியானது. சட்டம் படித்தவர்கள்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் அதிர்ச்சி ஆவலியே. எப்பலேந்து தெரியும்?"

சொன்னேன். நகல், இடுகாட்டு ஏடு, எட்டு மாதம், காய்ச்சல். என் வாழ்க்கையில் அவ்வளவு குறைந்த வார்த்தையில் எதையும் விளக்கியதில்லை.

"சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேக்கல. கேக்காத நகலைக் குடுக்குற வழக்கம் எங்க ஆபீசுல இல்ல."

"நான் யாரு புள்ள?"

"அது எந்த ஏட்டுலயும் இல்ல சார்."

"அந்த இடுகாட்டு ஏடு எங்க?"

"எரிச்சாச்சு. முறைப்படி."

சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து. "ஒருத்தர் கொளுத்துறீங்க, ஒருத்தி துப்புறா. ஆளாளுக்கு ஒரு வேல பாத்திருக்கீங்க." தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தெருமுனை வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாவது தடவை திரும்பியபோது, "வாங்க, அக்கா வூட்டுக்குப் போவோம்" என்றார். கூட ஒரு ஆள் வேண்டியிருந்ததோ, சாட்சி வேண்டியிருந்ததோ. சண்டைக்குப் போகிறார் என்றுதான் பயந்தேன். அவருக்கு இருந்த ஒரே உறவு அது. ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அதுவும் இருக்காது. கேட்காமல் இருக்க அவரால் முடியுமா என்பதும் தெரியவில்லை. இரண்டு தெருவையும் அவர் நடக்க, நான் பின்னால் ஓடினேன்.

அக்கா கூடத்தில் டி.வி.க்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பாதி குடித்திருந்த டம்ளர் கையில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். தம்பி வழக்கம்போல நிலைப்படியில் தோளைச் சாய்த்து நின்றார்.

"மெயில் வந்துச்சா தம்பி?" சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வந்துச்சு."

"என்ன போட்டுருக்கான்?"

இவர் சட்டைப் பையைத் தொட்டார். அறுபத்து ஏழு வருடக் கேள்வி அதற்குள் எட்டாக மடிந்திருந்தது. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கருக்களாச்சேரியில் கரையேறுகிறவர்களைப் பார்த்திருப்பாரே, அப்படி. அங்கே அவருடைய காது இல்லை. மூக்கு இல்லை. ஊறுகாய்த் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தம்பிக்காக இரண்டாவது குழாயையும் கோடு வரை நிரப்பிய ஒரு கிழவி இருந்தார். எச்சில் இரண்டும் ஒன்றாக இருந்தால் தம்பி என்று வந்துவிடும், அவ்வளவுதான் விஷயம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு போட்டுருக்கான்" என்றார்.

அக்கா மூச்சை விட்டார். "அதான் நான் சொன்னேன்ல, எதுக்குடா இதெல்லாம்னு. வா, உக்காரு. காபி போட்டுத் தரேன். டம்ளர எடு."

கை பழக்கத்தில் தோள் பைக்குள் போனது. பித்தளை டம்ளரின் விளிம்பு வெளியே தெரிந்தது. அங்கேயே நின்றது. பிறகு உள்ளே தள்ளிவிட்டு, பையைக் கழற்றி நிலைப்படியில் வைத்தார். உள்ளே வந்தார். அக்காவுக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அக்கா எழுந்திருப்பதற்குள் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, விளிம்பில் வாயை வைத்து, ஆறிப்போன காபியை ஒரு மடக்கு குடித்தார்.

"டேய், டேய்" என்று பதறினார் அக்கா. "எச்சில்டா அது. என் எச்சில்."

"ரெண்டும் ஒண்ணுதானாம்க்கா" என்றார் அவர். "எழுதியே குடுத்துட்டான்." மிச்சத்தையும் குடித்தார்.